ஆற்றில் விட்ட கல்மரம்

என் செல்லத் தம்பி முருகேசா,

நீ கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறது. கேட்டவன்தான் இல்லை.

விழுப்புரம் பக்கம் ஏலக்காய் லோடு இறக்கப் போன இடத்தில், கிணறு வெட்டும்போது கிடைத்தது என்று ஒரு கல்மரத் துண்டைத் தூக்கி வந்தாயே. "மரம் கல்லாப் போயிருக்கு. காலேஜுல இதத்தான படிச்சுக் கிழிக்கிற? அந்தக் காலத்துல மழை பெஞ்சுச்சான்னு பாத்துச் சொல்லுக்கா" என்றாய். ஓரத்தில் ஒரு கீற்று அறுத்துக் கொண்டுபோனேன். மிச்சம் வாசல் தென்னையடியில் கிடந்தது.

அதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. நான் உள்ளே அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத நேரம், காரியத்துக்குக் கல் ஊன்ற நல்ல கல்லாகத் தேடிய மாமா அதையே கழுவி, உன் பேரைச் சொல்லி ஊன்றிவிட்டார். கருமாதியன்றுதான் பார்த்தேன். வேறு கல் மாற்றலாமா என்று மெல்லக் கேட்டேன்.

"அது இப்பக் கல்லு இல்ல ஆத்தா. தம்பி வந்து உக்காந்துட்டான்" என்றார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். ஆனாலும் அவர்கள் பின்னாலேயே ஆற்றுக்குப் போனேன். கல்லைக் கொட்டகுடி ஆற்றில் கொண்டுபோய் விட்டார்கள். கணுக்கால் தண்ணீர்தான் ஓடியது. கல்லில் பாதி வெளியே தெரிந்தது.

கீற்றை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டேன் தம்பி. ஆண்டு வளையமே இல்லை. கோடையில் வளர்ச்சி நின்றிருந்தால் தடம் விழுந்திருக்கும். தண்ணீர் ஏறிய குழாய்கள் நல்ல அகலம். ஒரு துண்டை வைத்து அடித்துச் சொல்லக்கூடாதுதான். ஆனால் பெய்திருக்கிறதுடா. வருசம் முழுக்க ஈரம் காயாத காடாக இருந்திருக்கிறது. இன்று அங்கே வேலிக்காத்தான் நிற்கிறது. போடிமெட்டுக்கு மேலே நம் ஏலச்செடிகளும் இந்தக் கோடையில் கருகிக் கிடக்கின்றன. நம் மலை இன்னும் எத்தனை காலம் தாங்கும்?

ஊருக்கு வரும்போதெல்லாம் பாலத்தில் நின்று உன்னைப் பார்க்கிறேன். இறங்கினால் எடுத்துவிடலாம், அவ்வளவு பக்கம். இன்று காலையில் அம்மா, "மேக்க மூடிட்டு வருது. மழை வந்துட்டாச் செடி பொழச்சுக்கும்" என்றாள். வெள்ளம் வந்தால் நீ போய்விடுவாயே. ஏலக்காட்டை நம்பிப் பிழைக்கிற வீட்டில் பிறந்துவிட்டு, மழை வேண்டாம் என்று நினைக்கலாமா? நினைத்தேன் தம்பி.

எடுக்க மாட்டேன். ஆறு பெருகி வரும் அன்று பாலத்தில் வந்து நிற்பேன். அழுதுகொண்டாவது உன்னை அனுப்பி வைப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி அக்கா