கவரில் இல்லாத பென் டிரைவ்

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தானே கூப்பிடுகிறேன். கடிதத்துக்காக வேறு பெயர் தேடப் போவதில்லை. நானும் மகளும் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

கவரைப் பிரித்ததும் தலைகீழாகப் பிடித்து உதறியிருப்பீர்கள். ஒன்றும் விழுந்திருக்காது. கூரியர்காரரைத் திட்டாதீர்கள், நான்தான் நீங்கள் அனுப்பச் சொன்ன பென் டிரைவை உள்ளே வைக்கவில்லை. போனில் சொன்னால் ‘ம்’ கொட்டிவிட்டு, சைட்டில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு வேலைக்குக் குறைவில்லை. இப்போது வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் குடும்பத்தில், மாடிப்படியைக் கணவர் ஒரு பக்கம் இழுக்கிறார், மனைவி ஒரு பக்கம் இழுக்கிறார். படி நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள், பெரிய மனுஷி மாதிரி.

ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம் நடத்தினோமே, நினைவிருக்கிறதா? உள்ளே இருந்து லேப்டாப்பை ஓட்டுவது என் சிஸ்டம். உங்களுடையது முழுக்க அந்தச் சிவப்புக் கயிறு கட்டிய பென் டிரைவில். அதைச் செருகி, ஆன் செய்து, கீபோர்டின் மேல்வரிசைப் பொத்தானைத் தட்டித் தட்டி எழுப்பினால் உங்கள் திரை, உங்கள் பாட்டு, உங்கள் சர்வே படங்கள். அணைத்துவிட்டு உருவிக்கொண்டால் நீங்கள் வந்து போன சுவடே இருக்காது, கடிகாரத்தைத் தவிர. உங்களுக்கு அப்புறம் நான் திறந்தால் நேரம் எங்கேயோ தள்ளிக் காட்டும். இரண்டு சிஸ்டத்துக்கும் நேரக் கணக்கு ஒத்துப்போகாது என்பீர்கள். அந்தக் கடிகாரத்தை நம்பி மேஸ்திரியை வெயிலில் காக்கவைத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு உங்களோடு போட்ட சண்டையில் பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது. நீங்கள் போனதிலிருந்து கடிகாரம் துளி பிசகாமல் ஓடுகிறது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அதனால் சில சாயங்காலங்களில், மகள் விளையாடப் போனதும், உங்கள் பென் டிரைவைச் செருகுவேன். சிரிக்காதீர்கள். அது உங்களைப் போலத்தான், அவசரமே படாது. குட்டி விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். அப்புறம் நீங்கள் எடுத்த அந்தப் படம் வரும்: நம் கூடத்து ஜன்னல், காற்றில் உப்பிய திரைச்சீலை. லேப்டாப்புக்குப் பின்னால் அதே ஜன்னல், அதே திரைச்சீலை. படத்தில் இருப்பது உப்பியபடியே நிற்கும், வெளியே இருப்பது உப்பும், அடங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் எது உள்ளே, எது வெளியே என்று குழம்பிவிடும். என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் கேமராவோடு நிற்பதாகவே தோன்றும். திரும்பிப் பார்க்க மாட்டேன். வெளிச்சம் மங்கியதும் அணைத்துவிட்டு என் சிஸ்டத்தைத் திறப்பேன். கடிகாரம் தப்பாக இருக்கும். வீட்டில் ஆள் இருப்பது போல ஒரு நிம்மதி.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது முழங்கை இடித்துப் பென் டிரைவ் கழன்று கீழே விழுந்துவிட்டது. ஓடும்போது பிடுங்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் ஒன்றும் ஆகவில்லை. படம் அப்படியே இருந்தது, மவுஸ் நகர்ந்தது. அட, இது இல்லாமலேயே ஓடுகிறதே என்று ஆறுதலாக இருந்தது. ஒரு பாட்டு கேட்கலாமே என்று அழுத்தினேன். வரவில்லை. அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் அசையவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டேன். “மெமரில இருக்கறத வச்சுக் கொஞ்ச நேரம் சமாளிக்கும்க்கா. புதுசா எதையாவது கேட்டாத்தான் முழிக்கும்,” என்றார். பயப்படாதீர்கள், மறுபடி செருகினேன், எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

சாப்பாட்டு மேசையை மாற்றிவிட்டோம் என்று சொன்னேனா? வட்ட மேசை. முந்தாநாள் சாப்பிடும்போது மகள், “அப்பா வந்தா இதுல எந்தப் பக்கம் உக்காருவாரு?” என்று கேட்டாள். பழைய மேசை என்றால் சுவரோரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். இதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு முழித்தேன்.

அந்தப் பென் டிரைவ் கையில் இருந்தால் எந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் வீட்டில் இருப்பது மாதிரி இருக்கும், இன்னொரு வருஷம் தாராளமாக ஓட்டிவிடலாம் என்றீர்கள். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குப் பயம். ஏற்கெனவே இரண்டு முறை அங்கே வேலை ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டீர்கள். இந்த முறை கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் சிஸ்டம் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பத்திரமாக இருக்கிறது. நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வந்து மேசையில் ஏதாவது ஒரு பக்கம் உட்காருங்கள், அவளுக்குச் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

இன்னும் கொஞ்ச நேரம் சமாளிப்பேன் என்று நம்பும்,
உங்கள் மனைவி