வியாழக்கிழமைக் கட்டுரை

ஜூன் 6, வியாழன்

தூறல் நிற்கவே இல்லை. மலை காலையிலிருந்து முகம் காட்டவில்லை. நூலகத்துக்கு வந்தவர்கள் எல்லாம் நனைந்த பையை என் மேசைமேல் வைத்து, மேசையும் நனைந்து, நானும் நனைந்து — பை வாங்கி வைக்கிற வேலைக்குக் குடை கொடுக்கணும் என்று யாராவது சட்டம் போட்டால் தேவலை.

முதுகலை படிக்கிற லாட்ஃபோர்ட் வழக்கம்போல மூட்டையோடு வந்தார். "உள்ள யாரு, மாமியாரா?" என்றேன். "இல்லம்மா, லேப்டாப்பு, சார்ஜரு, ரெண்டு கிலோ சோளமாவு" என்றார். பைக்கு நாற்பத்திரண்டாம் நம்பர் அடையாள வில்லை கொடுத்தேன். மாவு என் பக்கம் வரக்கூடாது என்று எச்சரித்தும் அனுப்பினேன்.

ஐந்து மணிக்கு மகள் தியாமிகே கூப்பிட்டாள். வியாழன் மாலைதான் அவளுக்கு வார்டு இல்லாத நேரம்.

"சொல்லுங்க டாக்டரம்மா."

"எழுதிக்கோம்மா. கட்டுரைத் தலைப்பு, பெரிசு."

இங்கிலீஷில் எனக்கு எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது. ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அதனால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவாள், நான் எழுதித் திருப்பிப் படிப்பேன். ஒரு தலைப்புக்கு இருபது நிமிஷம். இருபது நிமிஷமும் அவள் குரல். நடுவில் "சாப்பிட்டியா", "இருமல் எப்படி" எல்லாம் வரும். இன்று மூன்று வரித் தலைப்பு. எழுதினவன் நல்லா இருக்கட்டும்.

ஜூன் 7, வெள்ளி

காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கலிலோம்பே சார்தான் கம்ப்யூட்டரில் வருகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு எல்லாம் பொறுப்பு. தியாமிகே இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது வேண்டியதை அவளே திறந்து படித்தாள். பட்டம் வாங்கிய மறுமாதமே பாஸ்வேர்டை மூடிவிட்டார்கள். இப்போது வடக்கே ஏரிக்கரையில் சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. பஸ்ஸில் ஒன்றரை நாள். அங்கே திறந்தால் காசு கேட்கிறதாம். இங்கே, இந்தச் சுவருக்குள்ளே, இலவசம்.

அவள் சாருக்கு ஈமெயில் எழுதிப் பார்த்தாள். பதில் இல்லை. அவர் பெட்டியில் இரண்டாயிரம் கடிதம் படிக்காமல் கிடக்கிறதாம். ஆனால் எதிரே ஒரு ஆள் காகிதத்தோடு நின்றால் அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த ஆள் நான்.

யாருக்கு, எதற்கு என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொட்டு, கட்டுரையை அவளுக்கு அனுப்புவார். அந்த நோட்டை தியாமிகேயும் அந்தக் காலத்தில் கேலி பண்ணுவாள்.

"ஒரு ஆள் படிக்க ஒரு பிரதி, தியாமிகே அம்மா. உங்க பொண்ணு இதை ஊருக்கெல்லாம் அனுப்பக் கூடாது."

"அந்த ஊர்ல மாடுதான் சார் ஜாஸ்தி. அதுங்க படிக்காது."

சிரிக்கமாட்டார். ஆனால் மீசை அசைந்தது. பார்த்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

கோயில். வந்து துணி துவைத்தேன். ஒருத்திக்கு எவ்வளவு துணி?

ஜூன் 13, வியாழன்

கூப்பிட்டாள். தலைப்பு குட்டி. ஆறு நிமிஷத்தில் முடிந்தது. "இன்னொண்ணு வேணாமா?" என்று கேட்டேன். "இதைப் படிக்கவே நேரமில்லம்மா" என்றாள்.

சோளமாவில் நசீமாக் களி கிளறினேன் என்று எழுத வந்தேன் — ஒரு ஆளுக்கு நசீமா கிளறத் தெரியவில்லை இன்னும். எப்போதும் இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது. மீதி காலையில் கோழிக்கு. கோழி குண்டாகிக்கொண்டே வருகிறது.

ஜூன் 19, புதன்

கலிலோம்பே சார் தானாகவே கீழே இறங்கி வந்தார். அவர் இறங்கி வந்தால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். கையில் ஒரு ஃபாரம்.

"உங்க பொண்ணு ஆஸ்பத்திரியே கட்டுரையை நேரா வாங்கிக்கலாம். நம்ம மாதிரி நாடுன்னா கட்டுரை விக்கிற கம்பெனிக்காரங்க காசு வாங்கமாட்டாங்க. ஒரு நூலகம் சிபாரிசு பண்ணணும். நான் கையெழுத்துப் போட்டு முத்திரையும் வெச்சுட்டேன். அவங்க பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டா போதும். நீங்க மாடி ஏற வேண்டியதே இல்லை."

"ஏழையா இருக்கறதுல இப்படி ஒரு லாபமா சார்?"

"பஸ்ஸுல போட்டு அனுப்புங்க."

"சரி சார்" என்றேன்.

மாடி ஏற வேண்டியதே இல்லை. நல்லதுதானே? முழங்கால் வலிக்கிறது என்று நான்தானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜூன் 20, வியாழன்

கூப்பிட்டாள். இருபத்தைந்து நிமிஷம். இருமல் மருந்து பேர்கூடச் சொன்னாள்.

ஃபாரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன்.

மறக்கவில்லை. என் நோட்டில் நானே ஏன் பொய் எழுதணும்? பை வைக்கிற தட்டில் முப்பத்தோராம் அறைக்கு வில்லை தொலைந்து இரண்டு வருஷம். யாரும் அதில் எதையும் வைப்பதில்லை. ஃபாரம் அங்கே இருக்கிறது. அடுத்த வாரம் அனுப்பிக்கொள்ளலாம்.

ஜூலை 4, வியாழன்

கூப்பிட்டாள். பதினெட்டு நிமிஷம். முப்பத்தொன்றில் ஃபாரம்.

இவள் அப்பா ஜோஹன்னஸ்பர்க் போனபோதும் முதலில் வாரம் ஒருதரம் கூப்பிட்டார். ஸ்டவ் எப்படிப் பற்றவைப்பது, சட்டையில் எண்ணெய்க் கறை போக என்ன செய்வது என்று ஏதாவது கேட்கக் கூப்பிடுவார். அப்புறம் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

ஜூலை 12, வெள்ளி

மின்சாரம் இரண்டு மணிக்குப் போகும் என்று அட்டவணை ஒட்டியிருந்தார்கள். லாட்ஃபோர்ட் ஒன்றே முக்காலுக்குப் பை வாங்க வந்தார். முகமெல்லாம் பல்.

"ஒரு பத்திரிகையில இருபது வருஷமா வந்தது எல்லாத்தையும் இறக்கிட்டேம்மா. ஏழுநூறு கட்டுரை. கரண்ட்டு போனா போகட்டும், வீட்டுல பேட்டரியில உக்காந்து படிப்பேன்."

"மாவு மூட்டை, இப்ப கட்டுரை மூட்டையா? கல்யாணத்துக்குச் சீரா?" என்று நானும் சிரித்தேன். சாமர்த்தியசாலி என்றுகூடச் சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

வந்தவர்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்து பை கேட்டார்கள். ஒரு கட்டுரையும் திறக்கவில்லை. சார் கீழே வந்தார். இந்தத் தடவை மீசை அசையவே இல்லை.

ஒரு ஆள் இரண்டு மணி நேரத்தில் ஏழுநூறு இறக்கினால் கம்பெனிக்காரனுக்குத் திருட்டு மாதிரித் தெரியுமாம். யார் என்று கேட்கமாட்டான். மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் கதவைச் சாத்திவிடுவான். நம் ஊரில் கரண்ட்டு போகும் என்று பயந்து இறக்கினான் என்று அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படித் தெரியும்? சார் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் வர ஒரு வாரமோ பத்து நாளோ.

லாட்ஃபோர்ட் என் மேசை முன்னால் வந்து நின்றார். தலையைக் குனிந்துகொண்டு பையை நீட்டினார். எனக்குக் கேலி வரவில்லை. வில்லையைக் கொடுத்தேன்.

ஜூலை 17, புதன்

புதன்கிழமையே கூப்பிட்டாள். காலை பத்து மணிக்கு. மேசையில் ஏழு பேர் பையோடு நிற்கிறார்கள்.

"அம்மா, எழுது, வேகமா. இப்பவே மாடிக்குப் போ."

பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆன பெண்ணாம். மூச்சு வாங்குகிறது, கால் வீங்கிக்கொண்டே போகிறது. இதயம் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகம். பால் கொடுக்கிறவளுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று பார்க்கணும். ஒரு கட்டுரையில் இருக்கிறது, பேர்கூடத் தெரியும், திறக்க முடியவில்லை.

"இங்கயும் திறக்காதும்மா. சாத்திட்டாங்க" என்றேன்.

"என்ன சாத்திட்டாங்க?"

சொன்னேன்.

"சரி, வை" என்றாள்.

அவ்வளவுதான். சாப்பிட்டியா என்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? ஏழு பேருக்கும் பை வாங்கினேன். நம்பர் மாற்றிக் கொடுத்திருக்கிறேன் போல, மதியம் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். முப்பத்தொன்று என் கண்ணுக்கு நேரே இருக்கிறது. நாள் முழுக்க என் கண்ணுக்கு நேரே.

நான் அன்றைக்கே அனுப்பியிருந்தால் அந்த ஆஸ்பத்திரிக்குத் தனிக் கதவு இருந்திருக்கும். இங்கே சாத்தினால் அங்கே என்ன? அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா — நான் என்னடி பண்ணிட்டேன். கடவுளே. வெறும் போன் பேச்சுக்காக.

ஜூலை 18, வியாழன்

ஐந்து மணிக்கு அவள் கூப்பிடவில்லை. ஐந்தரைக்கு நான் கூப்பிட்டேன்.

"பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர் போன்ல கிடைச்சார். சொல்லச் சொல்ல மருந்து கொடுத்து, ஆம்புலன்ஸ்ல அனுப்பிட்டேன். நாலு மணி நேரம் வழியில. போய்ச் சேர்ந்தப்ப உயிரோடதான் இருந்தா."

"குழந்தை?"

"கூடவே போயிருக்கு. அம்மா, தூங்கணும்."

"தூங்கு."

"இங்க நாங்களே நேரா வாங்கிக்க ஏதாவது வழி இருக்குமா? சார்கிட்ட கேட்டுப் பாரேன்."

கேட்கிறேன் என்றேன். கேட்கிறேன் என்று சொன்னேன்! வாயை அறையணும்.

ஜூலை 19, வெள்ளி

காலை ஆறு மணி பஸ்ஸில் ஃபாரத்தை ஏற்றிவிட்டேன். டிரைவர் கையில் கொடுத்து, "மழையில நனைஞ்சா உன் மாமியாரா வந்து உன் வீட்ல உக்காருவேன்" என்றேன். பயந்துவிட்டான். கேலி வந்துவிட்டது, பார். ஆனால் திரும்பி வருகிற வழியில் மார்க்கெட்டில் நின்று எதுவும் வாங்காமல் வந்தேன்.

ஜூலை 22, திங்கள்

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாளாம். அதைச் சொல்லத்தான் தியாமிகே கூப்பிட்டாள். அப்புறம்:

"ஃபாரம் வந்துச்சு. முத்திரையில ஜூன் பத்தொன்பதுன்னு இருக்கு."

"ஆமா."

"ஒரு மாசம் ஆச்சேம்மா."

"எங்க ஊர் பஸ் பத்தித்தான் உனக்குத் தெரியுமே" என்றேன்.

சிரிக்கவில்லை. நானும்தான் சிரிக்கவில்லை. "டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டார், அனுப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜூலை 25, வியாழன்

பல்கலைக்கழகத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். லாட்ஃபோர்ட் என் மேசைக்கு மந்தாசிப் பணியாரம் வாங்கி வந்து வைத்தார், சூடாக, காகிதமெல்லாம் எண்ணெய். "எத்தனை? ஏழுநூறா?" என்றேன். பாவம், கண் கலங்கிவிட்டது.

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

அவள் ஆஸ்பத்திரிக்குத் தனி பாஸ்வேர்டு வந்துவிட்டதாம். சார் சொன்னார். அவருக்கு ஈமெயில் போட்டிருக்கிறாள். அதை மட்டும் படித்திருக்கிறார் மனுஷர்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஐந்து மணி. ஆறு மணி.

ஆகஸ்ட் 15, வியாழன்

மீதி நசீமா. கோழி.

ஆகஸ்ட் 21, புதன்

நூலகத்து வாசலில் ஒரு டிவி மாட்டியிருக்கிறார்கள். புதிதாக வந்த கட்டுரைகளின் பேர் அதில் ஓடும். மூன்று வருஷமாக என் தலைக்கு மேலே ஓடுகிறது, நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, ஒரு தலைப்பு வரும்போதெல்லாம் இரண்டு எழுத்து, மூன்று எழுத்து என்று எழுதினேன். சுற்றிச் சுற்றி வரும். அதற்குள் பைக்கு ஆள் வந்துவிடும். ஒரு தலைப்பு எழுதி முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. என்ன கட்டுரையோ. நீளமாக இருந்தது, அதனால் எடுத்தேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஐந்து மணிக்கு நான் கூப்பிட்டேன்.

"அம்மா? என்ன ஆச்சு?"

"எழுதிக்கோ."

"எதை?"

"கட்டுரை. தலைப்பு சொல்றேன், ஒவ்வொரு எழுத்தா எழுதிக்கோ."

நான் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். நாலாவது வார்த்தையில் பேனா சத்தம் கேட்டது. முடித்ததும் திருப்பிப் படித்தாள். நான் எப்போதும் படிக்கிற மாதிரியே.

"அம்மா, இது ஏரி மீனோட வயித்துல இருக்கற புழுவைப் பத்தினது."

"இருக்கட்டும். உனக்குத்தான் இப்ப கதவு திறந்திருக்கே. எடுத்து, நம்ம பேச்சுல படிச்சுச் சொல்லு."

"உனக்கு எதுக்கும்மா மீன் வயித்துப் புழு?"

"யாருக்கு, எதுக்குன்னு நோட்டுல எழுதணுமா?"

"எழுதணும். சாரோட சட்டம்."

"எழுது அப்ப. யாருக்கு — அம்மாவுக்கு. எதுக்கு —" இங்கே எனக்குக் கேலி ஏதாவது வந்திருக்கணும். வரவில்லை. "தனியா இருக்கா. நீ கூப்பிடமாட்டேன்னு பயந்து ஃபாரத்தை ஒரு மாசம் ஒளிச்சு வெச்சா. தப்புன்னு தெரியும். எழுதிக்கோ."

பேலன்ஸ் போய்க்கொண்டிருக்கிறதே என்று வேறு நினைப்பு. அப்புறம் விசைப்பலகைச் சத்தம். அப்புறம் தொண்டையைச் செருமினாள்.

"நம்ம ஏரியோட தெக்குக் கரையில முன்னூத்திப் பன்னெண்டு மீன் பிடிச்சு அறுத்துப் பார்த்திருக்காங்க..."

படித்தாள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டேன். பாதி மீனுக்கு மேல் புழுவாம். "இனிமே நான் எப்படிச் சாப்பிடுவேன்?" என்றேன். சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, தெரியவில்லை. புழு மீனிலிருந்து கொக்கின் வயிற்றுக்குப் போகிற இடம் வந்தது. அங்கே பேலன்ஸ் தீர்ந்து போன் செத்தது.

பேலன்ஸ் போடுகிற கடை மூடியிருக்கும். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரி, அதுவே போதும், எழுந்து மாவு கிளறலாம் என்று அடுப்புக்குப் போனேன்.

மணி அடித்தது.

"எங்க போயிட்ட? இன்னும் ரெண்டு பக்கம் இருக்கும்மா."