சிஸ்டருக்கு நான் சொன்ன வழக்கம்

13 மே 1956, ஞாயிறு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று மாதா கோயில் திருவிழா விருந்தில் அடியேன் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கீரனூர் சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அதனால் பெல்ஜியத்திலிருந்து ஊழியத்துக்கு வந்திருக்கும் சிஸ்டரே, ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு முந்நூறு பேருக்குச் சமைத்தார். வேதம் சொல்ல வந்தவர் விடியலில் முதல் அடுப்பைத் தன் கையால் மூட்டிவிட்டு வெங்காயம் உரித்தார். ஊர் வழக்கம் எதையும் மீறிவிடக் கூடாதே என்று என்னிடம் கேட்டார். நானும் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு, "மொத அடுப்பை மூட்டுனவங்க பொழுது சாயிற வரைக்கும் சாப்பிடக் கூடாதுங்க, சிஸ்டர்," என்று அளந்துவிட்டேன்.

பிறகு என் கூட்டாளி மரியதாசிடம், "வெள்ளைக்காரங்களுக்கே வழக்கம் சொல்லிக் குடுத்தவன்டா நான். எவனுக்கும் பயப்பட மாட்டேன்," என்று பீற்றிக்கொண்டேன்.

பந்தியில் பெண்கள், "ரெண்டு வாய் சாப்பிடுங்க சிஸ்டர்," என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டு, எனக்குச் சாம்பார் ஊற்றினார்.

பொழுது சாய்ந்தபோது அண்டாவில் தீய்ந்த சோறுதான் மிச்சம். அதைச் சுரண்டித் தட்டில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இப்போ சாப்பிடலாமா? நான் தப்பு ஒண்ணும் பண்ணலையே?"

"இல்லீங்க சிஸ்டர்," என்றேன். அந்த வழக்கமே பொய் என்று சொல்ல வாய் வரை வந்தது. மரியதாஸ் பார்த்துக்கொண்டிருந்தான். எவனுக்கும் பயப்படாதவன், சாப்பிடுங்க என்றுகூடச் சொல்லாமல் வேலியைத் தாண்டி வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.