சோக்கில் கட்டிய எலுமிச்சம்பழம்

ரசம் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள். கார் சாவி டிவி மேல்.

நீங்கள் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்த அந்தக் கிழட்டுக் கார் ஏன் இப்படிப் பெட்ரோல் குடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆயுத பூஜையன்று எலுமிச்சம்பழம் கட்டினீர்களே, சோக் குமிழில்! கயிற்று முடிச்சு தடுத்து, சோக் உள்ளே போகாமல் அன்றிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அழுகின பழத்தை எடுக்கப் போனபோது பார்த்தேன். ஸ்டார்ட் ஆனதும் சோக்கை உள்ளே தள்ளாவிட்டால் பெட்ரோல் வீணாகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

"உன் தம்பிதான் டியூப் போட்டு உறிஞ்சி விக்கிறான்" என்று நேற்றுச் சாப்பிடும்போது சொன்னீர்கள். தயாளன் பாதியில் எழுந்து குண்டலுபேட்டைக்கே திரும்பிப் போய்விட்டான். நானும் அங்கேதான் போகிறேன், பஸ்ஸில்.

முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. கட்டியவரே அவிழ்க்கட்டும்.

வனஜா

அவன் பாதியில் விட்ட தட்டும் அப்படியே இருக்கிறது. அதையும் நீங்களே கழுவுங்கள்.