ஆயில் குடிக்கும் வண்டி

4.8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஐந்தே முக்காலுக்கு வேனை எடுத்தேன்.

வானகரம் சிக்னலில் கிளம்பும்போது பின்னால் ஒரே நீலப் புகை. பைக்கில் வந்த ஒருவர் ஜன்னல் பக்கம் நிறுத்தி, "இன்னாமா, ஊருக்கே கொசு மருந்து அட்ச்சினு போறியா?" என்றார். வேலைக்கு ஏற்றிப்போகிற எட்டுப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எல்லாரையும் இறக்கிவிட்டு ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தேன். போன மாதம் மாற்றியது. பஜ்ஜி மடித்த பேப்பர் போல எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. காற்று போகிற குழாய்க்குள் விரலை விட்டால் விரல் முழுக்க ஆயில்.

வியாழன் எஃப்.சி., ஆர்.டி.ஓ. மைதானத்தில் வண்டிக்குத் தகுதிச் சான்று. புகைச் சோதனையில் தேறாவிட்டால் சான்று இல்லை. சான்று இல்லாத வண்டியைக் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "பரவாயில்லைம்மா, கம்பெனி பஸ் மெயின் ரோட்டுல வருது, எல்லாரும் அதுல ஏறிக்கட்டும்."

ஏழு பேர் ஏறிவிடுவார்கள். கௌரி எப்படி ஏறுவாள்? இரண்டு காலிலும் இரும்புக் கம்பி, அக்குளில் கட்டை. என் வண்டியில் என்றால் முக்காலி போட்டு, என் தோளைப் பிடித்து, முன்சீட்டில் உட்கார்ந்துவிடுவாள். ஆறு வருடமாக அப்படித்தான். மேனேஜருக்கு அது தெரியாது. தெரிந்தும் என்ன.

வாங்க வேண்டியது: தயிர், கறிவேப்பிலை, அவருக்கு பி.பி. மாத்திரை.

5.8, செவ்வாய்

மதியம் நசரத்பேட்டை. மெக்கானிக் டில்லியின் ஷெட். தகரக் கூரை. உள்ளே நின்றால் ஆளே வெந்துவிடுவோம்.

இஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தான். குப்குப்பென்று ஆவி.

"எக்கா, பிஸ்டன் ரிங் தேஞ்சி பூட்ச்சி. கீய கீற ஆயிலு ஆவியாயி மேல வருது. இந்த ஓஸு அத்த அப்டியே காத்து போற பைப்புல வுடுது. வண்டி தன் ஆயில தானே குட்ச்சினுகீது."

"சரி பண்ணிக் குடேன்."

"இஞ்சின எறக்கி பிரிக்கணும். பத்து நாளு ஆவும்."

"நாளன்னைக்கு எஃப்.சி., டில்லி."

தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு காலி ஆயில் டப்பாவை எடுத்தான். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் இரண்டு வாங்கிவரச் சொன்னான். எதிர்க்கடையில் வாங்கிக் கொடுத்தேன். நாரை டப்பாவுக்குள் திணித்து, அந்த ஹோஸை காற்றுக் குழாயிலிருந்து பிடுங்கி டப்பாவில் செருகி, கிளிப் போட்டு இறுக்கினான். குழாயில் இருந்த ஓட்டைக்கு ரப்பர் அடைப்பு.

"ஆவி நாருல ஒட்டிக்கும், ஆயிலு அடில நிக்கும். மூடில ஓட்ட போட்டுகீறேன், காத்து வெளிய போவ. தண்ணி மட்டும் உள்ள பூடாம பாத்துக்க. இது வைத்தியம் இல்லக்கா. வியாயக்கெயம வரிக்கும் தாங்குனா எஃப்.சி. முடிச்சிட்டு நேரா இங்க வா."

தாங்கினால். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். இவரிடம் சொன்னேன். "நீ ஒண்ணும் கவலைப்படாத" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

6.8, புதன்

நேற்று மாலை மழை. காலையில் ஐயப்பன்தாங்கல் பக்கம் முழங்கால் தண்ணீர். சுற்றிப் போனேன்.

டப்பாவில் ஒரே நாளில் இரண்டு விரல் உயரம். ஆயிலும் ஆவி குளிர்ந்த தண்ணீரும் கலந்து வெளிறிப்போன காபி நிறம். கீழே கொட்டிவிட்டு மறுபடி மாட்டினேன். அவ்வளவும் இத்தனை நாள் வண்டிக்குள் போய் எரிந்திருக்கிறது.

ஆனால் புகை இல்லை. நிஜமாகவே இல்லை.

இறங்கும்போது கௌரி சொன்னாள். "எக்கா, இன்னிக்கி பொகயே வர்ல. கண்ணாடியில பாத்துனே வந்தேன்." பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரை அவள் கண்ணாடியையேதான் பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தது என் மடத்தனம்.

நாளைக்கு வண்டி வராது என்றேன். மற்றவர்கள் பஸ். கௌரி லீவு.

எஃப்.சி.க்கு:
தீயணைப்பு சிலிண்டர் (பள்ளி வேன் குமாரிடம் இரவல்)
முதலுதவிப் பெட்டி (அவனிடமே. உள்ளே ஒரு பிளாஸ்திரி மட்டும்)
ஸ்டெப்னிக்குக் கருப்பு பாலிஷ்
பின்னால் சிவப்பு ஸ்டிக்கர்
வாட்டர் சர்வீஸ்

வாட்டர் சர்வீஸ் ஐந்து மணிக்கு. எஃப்.சி.க்கு முன்னால் இஞ்சினையும் கழுவித்தான் எல்லாரும் கொண்டுபோவார்கள். அழுக்கு வண்டியைக் கண்டால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். டப்பா ஞாபகம் வந்தது, தண்ணீர் இறங்கக் கூடாதே என்று. பூ வாங்கின பாலிதீன் பையை மூடிமேல் போட்டு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றினேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டேன்.

7.8, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஏழரைக்கே மைதானம். எனக்கு முன்னால் பதினொரு வண்டி. நல்ல வெயில்.

புகைச் சோதனைக்கு முன்னால் வரிசையில் நின்றபடியே எல்லாரும் ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிடுவது வழக்கம். உள்ளே தங்கின கரி வெளியே போய்விடும், மீட்டரில் குறைவாகக் காட்டும். நானும் மிதித்தேன். பத்து நிமிடம். பக்கத்து லாரிக்காரர் கட்டை விரலைக் காட்டினார். நன்றாக மிதித்தேன்.

டப்பென்று ஒரு சத்தம். ஆயில் அளக்கிற கம்பி தெறித்து பானெட்டில் அடித்திருக்கிறது. இறங்கிப் பார்த்தால் வண்டிக்கு அடியில் ஆயில் ஓடுகிறது. பின்னால் ஹாரன். "ஓரம் கட்டும்மா, ஓரம் கட்டு." பதற்றத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்தேன். ஆயில் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. தெரிந்தும் ஓட்டினேன். வேப்பமரம் வரைக்கும். கடகடவென்று சத்தம் வந்து தானாக நின்றது.

டில்லி பைக்கில் வந்தான். பானெட்டைத் தூக்கினான்.

"எக்கா. ஓட்ட மேல இன்னாத்த கட்டிகீற?"

கழற்ற மறந்துவிட்டேன். கண் முன்னாலேயே இருந்தது, பூக்கடை பெயரோடு. ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே முட்டி முட்டி இஞ்சின் பின்பக்கத்து ஆயில் சீல் வளையத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது.

டில்லி திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

8.8, வெள்ளி

இழுத்துப்போய் ஷெட்டில் போட்டாயிற்று. ஆயில் இல்லாமல் ஓடியதில் பேரிங் உருகி, கிராங்க்கும் போய்விட்டது. அந்த வேப்பமரம் வரைக்கும் ஓட்டியதுதான்.

"வெறும் சீலோட பூட்ருக்கும்க்கா. ஸ்டாட் பண்ணாம தள்ளி இருக்கலாம்." பழைய இரும்பு எடுப்பவன் போன் நம்பரை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான்.

இனி வண்டி வராது என்று வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் போட்டேன். ஏழு பேரும் பதில். "தேங்க்ஸ் அக்கா." "மிஸ் பண்ணுவோம் அக்கா." அழுகிற பொம்மை, கும்பிடுகிற கை. கௌரி படித்துவிட்டாள், நீலக் கோடு விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை. ரசம் கெட்டுவிட்டது, கொட்டினேன்.

9.8, சனி

மேகமூட்டம். ஐந்தே முக்காலுக்குத் தானாக விழிப்பு.

குமாரிடம் கேட்டேன், ஒரே ஒரு ஆள், அம்பத்தூர் வரைக்கும். அவன் ரூட் ஆவடிப் பக்கம். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன். "தெனமுமா? அவ்ளோ தூரமா? வாரத்துல ரெண்டு நாளுன்னா பாக்கலாம்." வாரத்தில் இரண்டு நாள் போகிற வேலை எங்கே இருக்கிறது. மேனேஜருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். "திங்கள்கிழமை பேசுறேன்மா."

கௌரிக்குப் போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

10.8, ஞாயிறு

நடந்தே கௌரி வீட்டுக்குப் போனேன். பூந்தமல்லியில் சந்துக்குள் சந்து.

வாசலில் ஹாலோ பிளாக் கல், ஒன்றின்மேல் ஒன்று. அவள் அம்மா பின்னால் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருக்க, கௌரி ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிப் பழகிக்கொண்டிருந்தாள். நைட்டி வேர்த்து நனைந்திருந்தது. உள்ளங்கையில் கம்பி அழுத்தின சிவப்பு. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"காத்தாலேர்ந்து நாலு தபா ஏறிட்டேன்க்கா. பஸ்சு படி இவ்ளோ ஒசரம்தான கீது?"

பஸ் படி அதைவிட ஒரு முழம் உயரம்.

"ஆமா, இவ்ளோதான்" என்றேன்.