தீர்க்கதரிசிக்கு ஒரு சட்டை

மச்சான்,

உன் பெண்சாதி கொடுத்த பையை இன்று காலை மறுபடியும் திறந்தேன். அந்துருண்டை வாசமும் புதுத்துணி வாசமும் ஒன்றாகக் கிளம்பி மூக்கில் ஏறின. கிறிஸ்துமஸ் தோறும் உன் மகனுக்கென்று நீ எடுத்துவைத்த சட்டைகள். வருஷத்துக்கு ஒரு அளவு கூட்டியிருக்கிறாய். ஒன்றைக்கூட அவன் போட்டதில்லை. நீ போன பிறகு, "இத வூட்ல வச்சிருந்தா நான் பைத்தியமாயிடுவேண்ணா" என்று சொல்லித் தங்கச்சி பையை என் ஆட்டோவில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

கடலூர் துறைமுகத்தில் நீ படகு இன்ஜின் ரிப்பேர் பார்ப்பாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளுக்கு வேதக்கதை சொல்வாய். அப்போது நான் ஓட்டிய படகின் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு எனக்கும் சொல்வாய். நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன் என்பதெல்லாம் உனக்கு ஒரு பொருட்டே இல்லை. "தீர்க்கதரிசின்னா கிளி ஜோசியக்காரன்னு நெனச்சியா? ராஜா மூஞ்சிக்கு நேரா, நீ பண்ணது அக்கிரமம்னு சொல்றவன் மச்சான்" என்பாய். ஆடு மேய்த்த ஆமோஸ் ஏழைகளை நசுக்கிய பெரிய மனிதர்களைக் கிழித்ததையும், உண்மை சொன்ன எரேமியாவைச் சேற்றுக் குழியில் இறக்கியதையும் நேற்று நடந்ததுபோலச் சொல்வாய். யூதர்களுக்கு அவர்கள், வழிதவறிய ஜனங்களைக் கடவுளிடம் திருப்பிக் கூப்பிட்டவர்கள். உங்களுக்கு அதோடு இயேசு வருவார் என்று முன்பே சொன்னவர்களும்கூட. அதை நீ விளக்கியபோது எனக்குப் பாதிதான் புரிந்தது.

எனக்கு முழுதாகப் புரிந்தது நாத்தான் என்ற தீர்க்கதரிசியைத்தான். தாவீது ராஜா அடுத்தவன் பெண்டாட்டியை எடுத்துக்கொண்டு, அவள் புருஷனைப் போரில் சாகவிட்டான். நாத்தான் எடுத்த எடுப்பில் திட்டவில்லை. ஒரு பணக்காரன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னான். அந்தப் பணக்காரன் சாக வேண்டியவன் என்று ராஜா கொதித்தான். அந்த ஆள் நீதான் என்றான் நாத்தான். இந்த இடம் வந்ததும் ஸ்பேனரை என் நெஞ்சுக்கு நேரே நீட்டுவாய்.

அப்புறம் அந்த அலை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், புதுச்சட்டையைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்து அதோடே கடற்கரைக்கு விளையாடப் போனான் உன் மகன். உடல்கூடக் கிடைக்கவில்லை. சில மாதம் கழித்து, தீர்க்கதரிசி என்று போஸ்டர் ஒட்டிக்கொண்டு வெள்ளைக் கோட்டுக்காரன் ஒருவன் கூட்டம் போடக் கடலூருக்கு வந்தான். பந்தல் வாசலில் அவன் ஆட்கள் வந்தவர்களிடம் என்ன கஷ்டம் என்று அன்பாக விசாரித்தார்கள். நீயும் அழுதுகொண்டே சொன்னாய். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் மேடையிலிருந்து உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உன் மகன் உயிரோட இருக்கான், திரும்பி வருவான்" என்றான்.

"வாசல்ல நீ சொன்னதத்தான்டா அவன் திருப்பிச் சொல்றான்" என்றேன்.

"உனக்கு விசுவாசம் இல்ல, வுடு" என்றாய்.

சொன்னது நடக்காவிட்டால் சொன்னவன் தீர்க்கதரிசியே இல்லை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவன் நீ. ஆனாலும் கல்லறைத் தோட்டத்தில் பிள்ளை பெயரில் ஒரு சிலுவை நட நீ விடவில்லை. நாகப்பட்டினம், ராமேசுவரம் என்று துறைமுகம் துறைமுகமாகத் தேடினாய். போன வருஷம் எங்கேயோ காய்ச்சலை வாங்கிக்கொண்டு, பாதி உயிராகத் திரும்பி வந்து போய்ச் சேர்ந்தாய். பிள்ளை செத்துவிட்டான் என்று ஒரு தடவை வாய்விட்டு அழுதிருந்தால் நீ பிழைத்திருப்பாய். அந்த அழுகையை அவன் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். அவனை நான் மன்னிக்கமாட்டேன். நீயே வந்து சொன்னாலும் மாட்டேன்.

போன வாரம் அவன் சிதம்பரத்துக்கு வந்தான். கடலை விட்டு நான் இங்கே ஆட்டோ ஓட்டுவது அவனுக்கு எப்படித் தெரியும்? பையிலிருந்து கடைசிச் சட்டையை எடுத்துக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு போனேன். உங்கள் கூட்டங்களில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டே, யார் வேண்டுமானாலும் மேடையேறித் தனக்கு நடந்ததைச் சொல்லலாம். விபூதிக்காரன் சாட்சி சொல்கிறேன் என்றால் விடுவார்களா? கையைப் பிடித்து முதல் ஆளாக ஏற்றிவிட்டார்கள்.

"ஐயா, நான் கடலூர் பக்கம் படகுக்காரன்" என்று ஆரம்பித்தேன். "புயல்ல ஒருத்தன் படகு தத்தளிக்குது. கரையில இருந்தவன் பேர் வாங்கறதுக்காவ, வழி இங்க இருக்குன்னு பொய்யா வெளக்கு காட்டுனான். நம்பி வந்த படகு மணல்திட்டுல மோதிக் கவுந்துடுச்சி. படகுக்காரன் செத்துட்டான். வெளக்கு காட்டுனவன என்ன பண்ணலாம்?"

"கழுத்துல கல்லக் கட்டிக் கடல்ல போடணும்!" என்று வெள்ளைக் கோட்டுக்காரன் கத்தினான். கூட்டம் ஆமென் போட்டது.

"அந்த ஆளு நீங்கதான்யா" என்று சட்டையை அவன் கையில் திணித்தேன். "புள்ள திரும்பி வருவான்னு கடலூர்ல ஒரு அப்பங்கிட்ட சொன்னீங்களே. வந்தா போட்டுக்கட்டும்னு அவன் எடுத்துவச்ச சட்டை இது. அந்த அப்பன் செத்துட்டான்."

மைக்கை அணைத்தார்கள். அலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? மீதியைக் கடைசி வரிசைவரை கேட்கிற மாதிரி சொன்னேன். சட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் முகம் வெளுத்து நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும் மச்சான். நாலு பேர் என்னை இழுத்துப்போய் ரோட்டில் தள்ளினார்கள். முட்டி சிராய்த்துவிட்டது. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

மனசு ஆறிவிட்டது என்று நினைக்காதே. இன்று குறிஞ்சிப்பாடியில் அவனுக்குக் கூட்டம். என்னை உள்ளே விடமாட்டார்கள். நடந்ததைக் கேள்விப்பட்டுத் தங்கச்சி காலையில் போன் செய்தாள்.

"இந்தத் தடவ சட்டைய அவங்கிட்ட நான் குடுக்கறேண்ணா. பெருசு வேணாம். மொத வருஷம் எடுத்தாரே, சின்னது, அத எடுத்துக்கிட்டு வாங்க."

மடித்து ஆட்டோவில் வைத்துவிட்டேன், மச்சான்.