கை தூங்கும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுகிறேன். அங்கே அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? ஃபோனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் யாரிடம் பேசினாலும் உங்கள் தங்கையின் கண் என் உதட்டிலேயே இருக்கிறது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தால் என் முகத்தைப் படித்துவிடுகிறாள். அதனால் அச்சகத்தில், சாப்பாட்டு வேளையில் எழுதுகிறேன்.

அவளுடைய வலது தோளுக்குக் கீழே கட்டி. கொஞ்ச நாளில் பெரிதாகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன்.

எனக்குத் தெரிந்தது வீட்டுச் சைகை. பால் பொங்குது, கதவைச் சாத்து, இன்னும் கோபமா என்பதற்கு மேல் போகாது. அதனால் ஆஸ்பத்திரியில் சைகை மொழிபெயர்ப்பாளர் கேட்டோம். வந்தவர் நல்ல மனிதர்தான். கோர்ட்டில் சொத்து வழக்குகளுக்குப் போகிறவர். நரம்பு என்பதற்குக் கயிறு என்று காட்டினார். ‘டாக்டர் என் தோளில் துணி காயப்போடப் போகிறாரா?’ என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு டாக்டர் ஆஸ்பத்திரி வார்த்தைகளில் நீளமாகப் பேசினார். எனக்கே பாதி விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் கன்னத்தில் கையை வைத்து, வலது கை தூங்கும் என்று காட்டினார். அவ்வளவுதான். அவள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மனசு கேட்காமல் திரும்பிப் போய் டாக்டரைக் கேட்டேன். “கட்டி நரம்பைச் சுத்தியிருக்கு. எடுக்கும்போது விரல் அசைவு போயிடலாம், போகாமலும் இருக்கலாம். அதைத்தானே அப்பவே சொன்னேன்?” என்றார்.

விரல் போனால் அவளுக்கு என்ன போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காது கேளாதோர் சங்கத்தில் கேட்டேன். ஒரு பள்ளிக்கூட டீச்சரை அனுப்பினார்கள். “எலும்பு வரைக்கும் பாடம் எடுத்திருக்கேன், இது எனக்குத் தெரியாது, தப்பாச் சொல்லிட்டா பாவம்” என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மருத்துவம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேறு ஊரில் இருக்கிறார். இந்த மாதம் முழுக்க அவருக்கு நேரமில்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்றதற்கு, இப்பவே லேட் என்கிறார் டாக்டர்.

கடைசியில் நானே சொல்லிப் பார்த்தேன். ‘ஆனாலும் ஆகலாம்’ என்பதற்கு எங்கள் வீட்டுச் சைகையில் ஒன்றுமே இல்லை, அக்கா. மழை வரும், வராது, அவ்வளவுதான். விரலைத் தொட்டு ‘இல்லை’ என்று காட்டினேன். கையையே வெட்டப் போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அப்படியில்லை என்று நான் பதறியபோது கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிவிட்டால் அதற்கு மேல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம்கூடக் குறைந்துவிட்டது.

நேற்று மத்தியானம் மெஷின் பழுதாகி, சீக்கிரம் வீட்டுக்குப் போனேன். கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். வலது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். இடது கையால் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர். வலி. போதும். பிறகு தாடையில், உங்களுக்கு மச்சம் இருக்கும் இடத்தைத் தொட்டாள். அது உங்கள் பெயர். விரல் சரியாக வரவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். துண்டை அவிழ்க்கவில்லை.

என்ன புரிந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. இப்படியே அவளைக் கொண்டுபோய் அந்த மேஜையில் படுக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருப்பவர். அவளோடு சேர்ந்து கையால் பேசி வளர்ந்தவர். உங்கள் இருவருக்கும் நடுவில் நடந்ததில் நான் தலையிட்டதில்லை. இப்போதும் யார் பக்கம் நியாயம் என்று பேச வரவில்லை. அவள் கூப்பிட மாட்டாள். நான் கூப்பிடுகிறேன். புதன்கிழமைக்குள் வந்துவிடுங்கள். இரண்டு கையும் இருக்கும்போதே அவள் உங்களோடு நன்றாகச் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

வழி பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்